வார்னிஷ் கடைசி வேலை



நான் நம் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவன். இப்போது கனடா நாட்டில், ஒன்டாரியோ மாகாணத்தில், மஸ்கோகா என்ற ஏரிப் பகுதியில் ஒரு படகுப் பட்டறையில் வேலை செய்கிறேன். என்ஜின் வேலைக்கென்றுதான் என்னை எடுத்தார்கள். ஆனால் அங்கே குளிர்காலம் முழுக்க மர வேலைதான். சில வருடங்களில் ஸ்பேனரைவிட இழைப்புளியும் உளியும் கைக்கு நன்றாகப் பழகிவிட்டன. பேரவை ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, ஊர் சுற்றிய கதையைவிடக் கற்றுக்கொண்ட தொழிலை எழுதுவது உபயோகமாக இருக்கும் என்று தோன்றியது. பழைய மர மோட்டார் படகின் மர வேலையை எப்படிச் சீர்செய்து மெருகேற்றுகிறார்கள் என்பதே இக்கட்டுரை.

"படகா? நமக்கும் அதுக்கும் என்னண்ணே சம்பந்தம்?" என்று கேட்கலாம். முதல் வருடம் கார்பென்டரி ஷாப்பில் ஹாஃப் லேப் ஜாயிண்ட் போட்டு ரெக்கார்டில் கையெழுத்து வாங்கிய எல்லோருக்கும் சம்பந்தம் உண்டு. மரம், ஈரம், வெயில், திருகாணி, பெயிண்ட் இவை ஐந்தும் எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். படகில் தப்பு செய்தால் சீக்கிரம் தெரிந்துவிடும், அவ்வளவுதான் வித்தியாசம்.

எந்தப் படகு, எந்த மரம்?

மஸ்கோகா டொராண்டோவிலிருந்து வடக்கே ஏறக்குறைய 200 கிலோமீட்டர். மஸ்கோகா, ரோசோ, ஜோசப் என்று மூன்று பெரிய ஏரிகள். நூறு வருடங்களுக்கு முன்பே வசதியான குடும்பங்கள் கோடை வீடு கட்டிக்கொண்ட இடம். கரைக்குக் கரை நல்ல சாலை வருவதற்கு முன்னால் அங்கே படகுதான் கார். அதனால் கிரேவன்ஹர்ஸ்ட் ஊரில் டிட்ச்பர்ன், கிரேவெட், போர்ட் கார்லிங்கில் டியூக் என்று பல பட்டறைகள் மரப்படகு கட்டிப் பேர் வாங்கின. அவற்றோடு அமெரிக்காவின் கிறிஸ்-கிராஃப்ட் படகுகளும் அந்த ஏரிகளில் நிறைய உண்டு. மிச்சிகன் மாநிலம் அல்கோனாக் ஊரில் கிறிஸ்டோபர் கொலம்பஸ் ஸ்மித் (ஆமாம், பேரே அதுதான்!) தன் மகன்களோடு 1920-களின் தொடக்கத்தில் ஆரம்பித்த கம்பெனி அது. ஒவ்வொரு படகையும் தனி ஆர்டராகக் கட்டாமல், மாடல் வைத்து வரிசையாகக் கட்டி விற்றார்கள். பிறகு ஃபைபர் கிளாஸ் வந்தது. 1970-களின் தொடக்கத்தோடு அவர்களுடைய மர ஹல் நின்றுபோனது.

இந்தப் பாடத்துக்கு உதாரணமாக, எங்கள் பட்டறைக்கு வந்த 1950-ம் வருடத்து 22 அடி 'ஸ்போர்ட்ஸ்மேன்' படகை எடுத்துக்கொள்கிறேன். 'யூ-22' என்பார்கள். ஹென்றி ஃபாண்டாவும் காதரின் ஹெப்பர்னும் நடித்த 'ஆன் கோல்டன் பாண்ட்' (1981) படம் பார்த்தவர்களுக்கு இந்த மாடல் ஞாபகம் இருக்கும்.

பலகை பிலிப்பைன் மகாகனி. பேர்தான் மகாகனி. நிஜ மகாகனி அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த வேறு குடும்பம். இது ஷோரியா இனம், நம் குங்கிலிய மரத்துக்குச் சொந்தக்காரன். சிவப்பும் பழுப்பும் கலந்த நிறம், எடை குறைவு, இழைக்கச் சுலபம்.

அடியில் நடுவாக ஓடும் முதுகெலும்பு ஏரா. அதிலிருந்து இரண்டு பக்கமும் விலா எலும்பு மாதிரி எழுவது வங்கு. வங்கின்மேல் பலகை. நம் கடற்கரையில் பலகை இடுக்கில் பஞ்சுத்திரி திணித்துக் கலப்பற்று செய்வதைப் பார்த்திருப்பீர்கள். இந்தப் படகில் அந்த வேலை கிடையாது. பக்கப் பலகைகள் சேரும் ஒவ்வொரு இடுக்குக்கும் உள்பக்கம் ஒரு நீளச் சட்டம் ஓடும். இரண்டு பலகையும் அந்தச் சட்டத்தில் திருகப்பட்டிருக்கும். அடிப்பாகம் இரண்டு அடுக்கு. உள் அடுக்கு சாய்வாக, வெளி அடுக்கு நீளவாக்கில். நடுவில் கலவை பூசிய கான்வாஸ் துணி. பலகை தண்ணீரில் ஊறி உப்பினால் இடுக்கு தானாக மூடிக்கொள்ளும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரியும்.

கொஞ்சம் கணக்கு

மரம் ஈரத்தை வாங்கினால் அகலத்தில் விரியும், விட்டால் சுருங்கும். நீளத்தில் மாற்றம் மிகச் சொற்பம். இந்த வகை மரத்தில், மரத்தின் ஈரம் 1 சதவீதம் மாறினால் அகலம் சுமாராக 400-ல் ஒரு பங்கு மாறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 150 மில்லிமீட்டர் அகலப் பலகையில் ஈரம் 8 சதவீதம் கூடினால்:

150 × 8 ÷ 400 = 3 மில்லிமீட்டர்.

ஒரு பலகைக்கே 3 மில்லிமீட்டர்! பக்கத்துக்கு ஐந்து பலகை என்றால் எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள். இவ்வளவு அசைகிற ஒரு பொருளின்மேல் அசையாத எதையும் ஒட்டிவைக்க முடியாது. படகு வேலையில் நடக்கும் பாதிக் கோளாறு இந்தக் கணக்கை மறந்ததால் வருவது.

முதல் வேலை எழுதி வைப்பது

படகு உள்ளே வந்ததும் யாரும் உளியைத் தொடக்கூடாது. முதலில் போட்டோ, அப்புறம் நோட்டு. இந்தக் கம்பெனிப் படகுகளுக்கு ஹல் நம்பர் உண்டு. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலம் நியூபோர்ட் நியூஸ் நகரில் உள்ள மரினர்ஸ் மியூசியத்தில் கிறிஸ்-கிராஃப்ட் கம்பெனியின் பழைய ஆவணங்கள் இருக்கின்றன. ஹல் நம்பரைச் சொல்லிக் கேட்டால், அந்தப் படகு எந்த என்ஜினோடு, எங்கே அனுப்பப்பட்டது என்று எழுதிய அட்டையின் நகல் கிடைக்கும். ஒரு கம்பெனி ரெக்கார்ட் எழுதி வைத்ததால் எழுபது வருடம் கழித்தும் நமக்கு உபயோகப்படுகிறது. நம் ரெக்கார்ட் நோட்டை எழுதச் சலித்துக்கொள்ளும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு கண்ணாடிச் சட்டம், விளக்கு, கொக்கி, கைப்பிடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். ஒவ்வொன்றும் அதன் திருகாணியோடு தனிப் பையில், சீட்டு எழுதி. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு கொக்கிகள் இடம் மாறினால் துளை பொருந்தாது. அன்றைக்கு அவற்றைக் கையால் உட்கார வைத்தவர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் துளை போட்டிருப்பார்.

தட்டிப் பார், குத்திப் பார்

இங்கேதான் விஷயமே இருக்கிறது. அந்தப் படகின் சொந்தக்காரர் ஓய்வு பெற்ற ஒரு பள்ளி ஆசிரியர். அவருடைய அப்பா வாங்கிய படகு. ஆகஸ்ட் மாதம் மகள் கல்யாணம். மணமக்கள் அந்தப் படகில்தான் ஏரியைக் கடந்து வீட்டுக்கு வர வேண்டும் என்பது குடும்பத்தின் ஆசை. "மத்தபடி படகு நல்லாத்தான் இருக்கு, மேலே வார்னிஷ் மட்டும் பளபளன்னு அடிச்சுக் குடுங்க, போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் ஃபோர்மேன் சுத்தியலின் மரக் கைப்பிடியால் படகைச் சுற்றித் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல மரம் 'டக் டக்' என்று சொல்லும். உளுத்த மரம் 'மொத் மொத்' என்று கேட்கும். அப்புறம் கூர்மையான குத்தூசி. சந்தேகமான இடத்தில் லேசாக அழுத்தினால், நல்ல மரத்தில் முனை நிற்கும். மக்கின மரத்தில் புட்டுக்குள் போகிற மாதிரி போகும்.

எங்கெல்லாம் பார்க்க வேண்டும்? பின்பலகையின் கீழ் மூலைகள், அணியத்தில் பலகைகள் வந்து சேரும் இடம், மேல்தளத்தின் ஓரப்பலகைக்கு அடியில், கண்ணாடிச் சட்டம் திருகிய இடம், பக்கமும் அடியும் சேரும் மூலைச் சட்டம், வங்கின் அடிமுனை. சுருக்கமாகச் சொன்னால் மழைத் தண்ணீர் தேங்கும் இடமெல்லாம். கீழே இருக்கும் ஏரித் தண்ணீரைவிட மேலே இருந்து இறங்கும் மழைத் தண்ணீர்தான் மரப்படகுக்கு எமன். மரத்தை உளுக்கவைக்கும் பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். முழுக்கத் தண்ணீருக்குள் இருந்தால் காற்று கிடையாது. உப்புத் தண்ணீர் பூஞ்சைக்குப் பிடிக்காது. தேங்கிய மழைத் தண்ணீரில் இரண்டு வசதியும் உண்டு.

இந்தப் படகில் வேறொரு வினையும் இருந்தது. முன்பு எப்போதோ, யாரோ ஒருவர், ஒழுக்கை நிறுத்துவதற்காக அடிப்பாகம் முழுவதும் ஃபைபர் கிளாஸ் போர்த்திப் பெயிண்ட் அடித்திருந்தார். வெளியிலிருந்து பார்த்தால் வழவழவென்று புதுசு மாதிரி இருந்தது. ஆனால் மேலே போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள். மரம் விரியும், சுருங்கும், ரெசின் அசையாது. ஒட்டு விட்டுப்போகும். உள்ளே இறங்கும் மழைத் தண்ணீர் மரத்துக்கும் ஃபைபருக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். காயவே வழியில்லை. ஓரத்தில் ஒரு துண்டைப் பெயர்த்தோம். உள்ளே பலகை கறுத்து, கையால் பிய்க்கிற அளவுக்கு இருந்தது. நாலு வங்குகளின் அடிமுனை இல்லவே இல்லை.

சொந்தக்காரரை வரச் சொன்னார்கள். அவருக்குக் கோபம். "பில்லை ஏத்தப் பாக்கறீங்களா?" என்றே கேட்டுவிட்டார். ஃபோர்மேன் பதில் சொல்லவில்லை. குத்தூசியை அவர் கையில் கொடுத்து, "நீங்களே குத்திப் பாருங்க" என்றார். முதல் குத்தே பிடிவரை உள்ளே போனது. மனுஷர் கொஞ்ச நேரம் படகுக்கு அடியிலேயே உட்கார்ந்திருந்தார். மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் போகிற படகு அது. அந்த வேகத்தில் அடிப்பலகை ஒன்று திறந்துகொண்டால், பட்டுப்புடவை என்ன, கல்யாணக் கோட்டு என்ன, எல்லாரும் தண்ணீரில்தான்.

பணமும் நாளும் அளவாக இருந்தன. கடைசியில் முடிவானது இது: இந்த வருடம் அடிப்பாகம் முழுவதும் புதிதாக. மேலே, மரத்தைக் காப்பாற்ற எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு வார்னிஷ் மட்டும். பளபளப்பு அடுத்த குளிர்காலத்தில்.

அடிப்பாகம்

அடிப்பலகையைக் கழற்றுவதற்கு முன் படகின் வடிவத்தைப் பிடித்து நிறுத்த வேண்டும். பலகை போனதும் ஹல் தொளதொளவென்று ஆகிவிடும். ஏராவின் நீளத்துக்கு நூல் கட்டி நேராக இருக்கிறதா என்று பார்த்து, வளைவுக்குத் தக்கபடி முட்டுக்கட்டை கொடுத்து, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்த பிறகுதான் முதல் திருகாணி. இந்த நிலையில் வடிவம் கோணினால் புதுப் பலகை அந்தக் கோணலை நிரந்தரமாக்கிவிடும். அப்புறம் படகு ஓடும்போது மூக்கை அமுக்கும், இல்லை துள்ளும்.

உளுத்த வங்கை எடுத்து, அதையே அச்சாக வைத்துப் புதிய வங்கு செய்கிறோம். இரண்டு அடுக்குப் பலகையும் புதிதாக. திருகாணி சிலிக்கான் வெண்கலம். இரும்பு கூடாது. ஓக் மரத்தில் உள்ள டானின் அமிலம் இரும்போடு சேர்ந்தால் மை போலக் கறுக்கும். பழைய பித்தளைத் திருகாணியில் காலப்போக்கில் துத்தநாகம் கரைந்து போய்ச் செம்பு நிறமாகி, முறுக்கினால் தலை மட்டும் கையோடு வரும்.

நடுவில் கான்வாஸா, ரப்பர் மாதிரி இழுபடும் பாலியுரேத்தேன் பசையா? மரப்படகுக்காரர்கள் நடுவே இது பெரிய சண்டை. கான்வாஸ் என்றால் பழைய முறை. எப்போது வேண்டுமானாலும் பிரிக்கலாம். ஆனால் ஒவ்வொரு வருடமும் இறக்கும்போது ஒன்றிரண்டு நாள் ஊறி உப்ப வேண்டும். பசை என்றால் முதல் நாளே ஒழுகாது. ஆனால் பிற்காலத்தில் பலகையைப் பிரித்தால் நார் நாராகக் கிழியும். எங்கள் பட்டறையில் அடிப்பாகத்துக்கு மட்டும் பசை. காரணம், வருடத்தில் பாதி நாள் படகு காய்ந்த ஷெட்டில் கிடக்கிறது; ஆள் உயிரும் அடிப்பாகத்தில்தான் இருக்கிறது. பக்கப் பலகையிலும் மேல்தளத்திலும் அந்தப் பசையைத் தொடவிட மாட்டார்கள். பின்னால் வருகிறவர் பிரிக்க முடிய வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம்.

தக்கை அடிப்பது

பக்கப் பலகையில் ஒவ்வொரு திருகாணியும் குழிக்குள் இறங்கி, மேலே மரத்தக்கையால் மூடப்பட்டிருக்கும். ஒரு படகில் இப்படி ஆயிரக்கணக்கில் உண்டு. கழற்றும் முறை: தக்கையின் நடுவில் சிறிய துளை போட்டு, உடைத்து, குத்தூசியால் சில்லுகளை வெளியே எடுத்து, திருகாணித் தலையின் பள்ளத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். உளியால் நெம்பினால் குழியின் ஓரம் சிதையும். பிறகு எந்தத் தக்கையும் அங்கே அழகாக உட்காராது.

புதுத்தக்கை அதே மரத்தில், ரேகை தெரியும் பக்கமாக வெட்டியது. குழியில் வைக்கும்போது தக்கையின் ரேகை பலகையின் ரேகையோடு ஒரே திசையில் ஓட வேண்டும். கோந்து போடக்கூடாது. வார்னிஷில் தோய்த்து லேசாகத் தட்டி இறக்கினால் போதும். மறுநாள் உளியால் சீவுவது இரண்டு தடவை. முதல் வெட்டு உயரத்தில். அதில் ரேகை மேலே ஏறுகிறதா, கீழே இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். ரேகை இறங்கும் பக்கத்திலிருந்து வெட்டினால் தக்கை பலகை மட்டத்துக்குக் கீழேயே பெயர்ந்துவிடும். ஆகவே திசை பார்த்து இரண்டாவது வெட்டு, கடைசியில் உப்புத்தாள்.

"கோந்து போட்டா இன்னும் ஸ்ட்ராங்கா நிக்குமே?" என்று நானும் கேட்டேன். ஃபோர்மேன் சொன்னார்: "நிக்கும். இருபது வருஷம் கழிச்சு இதைக் கழற்றப் போறவன் உன்னைத் திட்டுவான்."

பழுது சிறியதாக இருந்தால் முழுப் பலகையை மாற்றுவதில்லை. கெட்ட இடத்தை மட்டும் சாய்சதுரமாக வெட்டி, அதே ரேகையுள்ள துண்டைப் பதிப்பார்கள். குறுக்கே நேராக வெட்டிய ஒட்டு கண்ணில் உறுத்தும். சாய்ந்த கோடு ரேகையோடு கலந்துவிடும். எவ்வளவு பழைய மரம் மிஞ்சுகிறதோ அவ்வளவுக்கு அது அந்தப் பழைய படகு. எல்லாவற்றையும் மாற்றினால் கையில் இருப்பது புதுப்படகுதான்.

பழைய வார்னிஷை எடுப்பது

சூடான காற்று அடிக்கும் ஹீட் கன் ஒரு கையில், சுரண்டி ஒரு கையில். வார்னிஷ் இளகும்போதே ரேகைப் போக்கில் சுரண்ட வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் மரம் கருகும். பெயிண்ட் அடித்த பகுதியில் ஹீட் கன் வேண்டாம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். வார்னிஷ் நீக்கும் கெமிக்கல்களில் மெத்திலீன் குளோரைடு கலந்தது அபாயமானது. மூடிய அறையில் அதை முகர்ந்து உயிர் போனவர்கள் உண்டு. அமெரிக்காவில் 2019-ல் பெயிண்ட் நீக்க அதைப் பொதுமக்களுக்கு விற்பதையே தடை செய்துவிட்டார்கள்.

பிறகு உப்புத்தாள். 80-ல் ஆரம்பித்து 120, 150 வரை போதும். அதற்கு மேல் வழவழப்பாக்கினால் நிறம் பிடிக்காது. எப்போதும் ரேகைப் போக்கில். மெஷின் வைத்து ஒரே இடத்தில் அழுத்தினால் பள்ளம் விழும். கண்ணுக்குத் தெரியாது, வார்னிஷ் அடித்ததும் கண்ணாடியில் முகம் கோணலாகத் தெரிகிற மாதிரி தெரியும். அதனால் கடைசித் தேய்ப்பு, நீளமான வளையும் பலகையில் உப்புத்தாள் ஒட்டி, இரண்டு கையாலும்.

ஒன்றை மறக்கக்கூடாது. தேய்க்கிற ஒவ்வொரு தடவையும் பலகையின் கனம் குறைகிறது. பலகையே அரை அங்குலத்தை ஒட்டித்தான். ரொம்பத் தேய்த்த படகில் தக்கை காகிதம்போல மெலிந்து தானாகவே உதிரும். ஒரு படகு தன் ஆயுளில் இப்படி முழுக்கத் தேய்ப்பதை இரண்டு மூன்று தடவைதான் தாங்கும். ஆகவே வார்னிஷை ஒழுங்காகப் பராமரித்து, தேய்க்காமலே வைத்திருப்பதுதான் கெட்டிக்காரத்தனம்.

கறுப்புக் கறை இருந்தால் ஆக்ஸாலிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்துப் பூச வேண்டும். கறை போனதும் சமையல் சோடா கலந்த தண்ணீரால் துடைத்து, நல்ல தண்ணீரால் இரண்டு தடவை கழுவிக் காயவிட வேண்டும். காய்ந்த அமிலத் தூளை மூச்சில் இழுக்கக்கூடாது. மாஸ்க் கட்டாயம்.

நிறம்

மகாகனிக்கு நுண்துளைகள் அதிகம். வெறும் வார்னிஷ் அடித்தால் துளை துளையாகத் தெரியும். அதனால் நிறமும் பட்டியும் சேர்ந்த கூழ் போன்ற ஒன்றைப் பூசுகிறார்கள். தயிர்ப் பதத்தில் கரைத்து, பிரஷ்ஷால் தாராளமாகப் பூசி, ஈர மினுமினுப்பு மங்கியதும், முரட்டுச் சாக்குத் துணியால் ரேகைக்குக் குறுக்கே அழுத்தித் துடைக்க வேண்டும். குறுக்கே துடைத்தால்தான் துளைக்குள் தங்கும். நெடுக்காகத் துடைத்தால் வெளியே வந்துவிடும். சின்னச் சின்னப் பகுதியாகச் செய்ய வேண்டும். காய்ந்து இறுகிவிட்டால் பிறகு சாமி வந்தாலும் துடைக்க முடியாது. ஒன்றிரண்டு நாள் காயவிட்டுப் பிறகே வார்னிஷ்.

வார்னிஷ்

கடைசியில் எல்லோரும் கேட்கும் இடத்துக்கு வந்துவிட்டோம். நம் ஊர் மேஜை நாற்காலிக்கு அடிக்கும் அரக்குப் பாலிஷ் படகுக்கு ஆகாது. தண்ணீர் பட்டால் வெளுக்கும். இங்கே அடிப்பது 'ஸ்பார் வார்னிஷ்'. அதில் எண்ணெய்ப் பங்கு அதிகம், அதனால் மரம் அசைந்தால் கூடவே வளைந்துகொடுக்கும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருளும் சேர்ந்திருக்கும். வெயில் வார்னிஷை ஊடுருவி, அடியில் மரத்தை ஒட்டவைத்திருக்கும் லிக்னினைச் சிதைத்தால், வார்னிஷ் நன்றாக இருந்தாலும் தோல் உரிவதுபோல் உரியும்.

முறை:

1. முதல் கோட் பாதிக்குப் பாதி தின்னர். மரம் குடிக்கட்டும்.
2. இரண்டாவது கோட் கால் பங்கு தின்னர். மூன்றாவதில் பத்தில் ஒரு பங்கு.
3. பிறகு அப்படியே. ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஓர் இரவு காய்ந்து, 220 அல்லது 320 உப்புத்தாளால் லேசான தேய்ப்பு, தூசி துடைப்பு.
4. மேல்தளப் பலகை இடுக்கின் வெள்ளைக் கோடு, நாலைந்து கோட் ஏறின பிறகு. முன்னதாகப் போட்டால் நிறம் ஏறி அழுக்காகும்.
5. மொத்தம் குறைந்தது பத்துப் பன்னிரண்டு கோட். அத்தனையும் சேர்ந்தாலும் கனம் அரை மில்லிமீட்டர் வராது!

டப்பாவைக் குலுக்கக்கூடாது, காற்றுக்குமிழி வரும். வேண்டிய அளவு வடிகட்டிக் கிண்ணத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும். தரையில் தண்ணீர் தெளித்தால் தூசி அடங்கும். நேர் வெயிலில் அடித்தால் மேலே தோல் கட்டிக் கொப்புளிக்கும். சாயங்காலம் அடித்தால் பனி விழுந்து மினுமினுப்பு மங்கும். காலை நேரம்தான் உத்தமம். ஈரமான ஓரம் காய்வதற்குள் அடுத்த பட்டையை அதோடு சேர்த்து, பிரஷ் நுனியால் மெல்ல வருடிவிட வேண்டும். அடித்த இடத்தைத் திரும்பிப் பார்த்துத் திருத்தப் போனால் கெட்டது.

பாதுகாப்பு

வார்னிஷ், ஸ்டெயின், ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடவே கூடாது. எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு பிறக்கும். சுருட்டிய துணியில் அந்தச் சூடு வெளியேறாமல் தானாகவே தீப்பிடிக்கும். தீக்குச்சி வேண்டியதில்லை. வெளியே விரித்துக் காயப்போட வேண்டும், அல்லது தண்ணீர் ஊற்றிய மூடியுள்ள இரும்பு டப்பாவில் போட வேண்டும். எங்கள் பட்டறையில் வேலை முடிந்து கிளம்பும்போது கடைசி ஆள் பார்க்க வேண்டியது விளக்கை அல்ல, துணி டப்பாவை.

அந்தப் படகு ஜூலைக் கடைசியில் தண்ணீரில் இறங்கியது. அடிப்பாகம் ஒரு சொட்டு ஒழுகவில்லை. பக்கத்தில் ஐந்து கோட் வார்னிஷ், மேல்தளத்தில் அங்கங்கே நிறம் மங்கிய திட்டுகள். கல்யாணப் போட்டோவில் அந்தத் திட்டுகள் தெரிகின்றன. படகில் ஏழு பேர் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்த குளிர்காலம் படகு மறுபடி எங்களிடம் வந்தது. பளபளப்பையும் முடித்துக் கொடுத்தோம்.

நம் ஒர்க் ஷாப்பில் செய்து பார்க்க

பயிற்சி 1: ஒரு தேக்குப் பலகையில் பத்துக் குழி போட்டு, பத்துத் திருகாணி இறக்கி, அதே மரத்தில் தக்கை வெட்டி மூடுங்கள். ஐந்துக்குக் கோந்து, ஐந்துக்கு வார்னிஷ். ஒரு வாரம் கழித்துப் பத்தையும் கழற்றுங்கள். எந்தக் குழியின் ஓரம் சிதையாமல் இருக்கிறது என்று ரெக்கார்டில் எழுதுங்கள்.

பயிற்சி 2: சுமார் 150 மில்லிமீட்டர் அகலமுள்ள, வார்னிஷ் அடிக்காத பலகையை மே மாதம் ஒரு தடவை, ஐப்பசி அடைமழையில் ஒரு தடவை ஒரே இடத்தில் வெர்னியர் வைத்து அளங்கள். வித்தியாசத்திலிருந்து ஈரம் எத்தனை சதவீதம் மாறியிருக்கும் என்று மேலே உள்ள கணக்கைத் திருப்பிப் போட்டுக் கண்டுபிடியுங்கள்.

பயிற்சி 3: உங்கள் வீட்டுக் கதவு நிலையின் அடிமுனையைத் தட்டிப் பாருங்கள். 'மொத்' என்று கேட்டால், பெயிண்ட் டப்பா வாங்குவதற்கு முன் குத்தூசியை எடுங்கள்.

மூன்றாவது பயிற்சிக்கு மார்க் கிடையாது. ஆனால் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

வாழ்த்துகளுடன்,
உங்கள் முன்னாள் மாணவன்